பின் வரிசையில் பதினொரு பேர்

கேள்வி:

வணக்கம் அம்மா. விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து இது இரண்டாம் வருடம். இந்த 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. மொத்தம் 34 பேர். அதில் 11 பேருக்குத் தமிழே வாசிக்க வரவில்லை. பாடம் நடத்தும்போது பின் வரிசையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பார்த்து எழுதிவிடுகிறார்கள். படி என்றால் தலை குனிந்துவிடுகிறது. வாசிக்கச் சொல்லித் தருவது எப்படி என்று பி.எட். படிப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை. பாடத்தை முடிக்கவில்லை என்றால் தலைமையாசிரியர் கேட்கிறார். அந்தப் பதினொரு பேரில் ஒரு பையன் பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவான், ஜூனில்தான் திரும்புவான். இவ்வளவு தாமதமாகத் தொடங்கிப் பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பயன் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தருவது ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தருவதைவிடச் சுலபம். அவனுக்குச் சொற்கள் தெரியும், உலகம் தெரியும், கதை சொல்லத் தெரியும். காகிதத்தில் இருக்கும் குறிக்கும் தன் வாயில் வரும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பு மட்டும்தான் பிடிபடவில்லை. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தபோது இதை நேரில் பார்த்தேன். கல்குவாரியில் வேலை முடித்து, கையில் காப்புக் காய்த்து, இரவு எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்த பெண்கள் சில மாதங்களில் பஸ் போர்டு படித்தார்கள். அப்புறம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவும், மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராகவும் முப்பது வருடம் ஓடிவிட்டது. வாசிக்கவே வராது என்று எனக்குக் காட்டப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் வாசித்தார்கள். அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வருடக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2025இல் ஆறாம் வகுப்பு என்றால் ஒன்றாம் வகுப்பு 2020இல். அந்தக் கல்வியாண்டில் இவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அ, ஆ எழுதிப் பழக வேண்டிய வயதில் இவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஃபோன் இருந்த வீட்டில் ஏதோ கொஞ்சம் நடந்தது. அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் ஒரே ஃபோன் இருந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி வந்தது; 2022 ஜூனில், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அப்போது இவர்கள் மூன்றாம் வகுப்பு. அவற்றால் தேறியவர்கள் உங்கள் முன் வரிசையில் இருக்கலாம். அடிக்கடி வராமல் போனவர்கள் பின் வரிசைக்கு வந்திருப்பார்கள். ஆகவே ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல்லைத் தயவுசெய்து உங்கள் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாயில் வர வேண்டாம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும். சொல்லித்தராத ஒன்றைக் கற்றுக்கொள்ளவில்லை என்று ஒரு பிள்ளையை எப்படிக் குறை சொல்வது?

முதல் வாரம் எதையும் கற்பிக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு தாளில் பத்து எழுத்து, பத்துச் சொல், நாலு வரியில் ஒரு சின்னப் பத்தி, மறுபக்கம் ஒரு குட்டிக் கதை எழுதிக்கொள்ளுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நாடு முழுக்க நடத்தும் அசர் ஆய்விலும் வாசிப்பை ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறார்கள். சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மரம், பட்டம், வீடு, பூ, செடி, தேன், கை, கொடி, மழை, கோழி என்று எடுத்தால் குறிகள் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். வேப்ப மரத்தடியோ வராந்தாவோ, நீங்களும் அந்தப் பிள்ளையும் மட்டும். தப்பாகப் படித்தால் திருத்தாதீர்கள். என்ன படித்தது என்று அப்படியே எழுதிவையுங்கள். ‘காடு’ என்பதைக் ‘கரடு’ என்று படித்தால் கரடு என்றே குறியுங்கள். அந்தத் தப்புதான் உங்களுக்கு வழி காட்டப் போகிறது.

மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏமாந்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன், புத்தகத்தை விரித்து விரலை ஓட்டி ஒரு பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் படித்தான். நன்றாகப் படிக்கிறான் என்று எழுதிக்கொண்டு எழுந்தபோதுதான் கவனித்தேன்: வாய் ஐந்தாவது வரியில் இருந்தது, விரல் மூன்றாவது வரியில் இருந்தது. மேலே இருந்த படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் முதல் வரியிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்தி, “ஏரி, டீச்சர்” என்றான். எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறான்! ஒரு பக்கம் முழுக்கக் காதால் கேட்டே நினைவில் வைத்து, எண்ணிப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் மூளை அது. அந்தப் பிள்ளையை நாலு வருடம் மக்கு என்று உட்கார வைத்திருந்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தாங்காது.

அதே ஐந்து நிமிடத்தில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கரும்பலகையில் இருக்கும் எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும் பள்ளி மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். கண்ணாடி போட்டதும் வாசித்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான்.

தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை மலைக்க வைத்துவிட்டோம். பிள்ளை பழக வேண்டியது 12 உயிர், 18 மெய், அப்புறம் உயிர்மெய்க் குறிகள் பதினொன்று. அதிலும் ஒ, ஓ வரிசைக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. கொம்பும் காலும் சேர்ந்தால் வந்துவிடும். உங்கள் பதினொரு பேரில் அநேகமாக எல்லோருக்கும் க, ச, ட, த, ப, ம தெரிந்திருக்கும். குறிகளில்தான் தடுக்கி விழுவார்கள். அதிலும் எல்லாக் குறியிலும் இல்லை, குறிப்பிட்ட சில இடங்களில்.

முதல் இடம் கொம்பு. ‘பெ’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ப். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் வலப்பக்கத்தை முதலில் பார் என்கிறோம். அதைச் சொல்லியும் தருவதில்லை. ஒரு சிறுமி ‘பெட்டி’யை ‘எபட்டி’ என்று படித்தாள். அவள் செய்தது முழுக்க நியாயம். இதற்கு ஒரு விரல் போதும். ‘பெ’ என்று பெரிதாக எழுதி, கொம்பை விரலால் மூடச் சொல்லுங்கள். இப்போது என்ன? ப. விரலை எடு. பெ. மூடு, ப. எடு, பெ. பத்துத் தடவை. அப்புறம் ‘செ’, ‘நெ’, ‘வெ’. அடுத்த நாள் செடி, வெடி, நெல், பெட்டி. அதற்கடுத்து இரட்டைக்கொம்பு.

இரண்டாவது இடம் துணைக்கால். அது ‘ர’ மாதிரியே இருக்கிறது. காடு கரடாவதும், ‘கொடி’ ‘கெரடி’ ஆவதும் அதனால்தான். இதற்கு அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் அட்டையில் ‘க’. இடப்பக்கம் கொம்பு அட்டையை வைத்தால் ‘கெ’. வலப்பக்கம் கால் அட்டையை வைத்தால் ‘கா’. இரண்டையும் வைத்தால் ‘கொ’. பிள்ளைகளே அட்டையை நகர்த்தட்டும். நடு அட்டையை மட்டும் மாற்றினால் ‘தொ’, ‘பொ’, ‘மொ’. பதினெட்டு வரிசையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை என்று அவர்களுக்குப் புரியும் நாளில் முகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது உகரம். இங்கே மட்டும் அட்டை உதவாது. கு, டு, மு ஒரு விதம். சு, பு, வு இன்னொரு விதம். து, நு, லு, று வேறு விதம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, லை, னை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. உகர, ஊகாரம் பழையபடியே நின்றுவிட்டன. அதனால் இவற்றைக் குறியாகச் சொல்லித் தராமல் முழு எழுத்தாக, குடும்பம் குடும்பமாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம். அவசரப்பட வேண்டாம்.

புள்ளியையும் நெடிலையும் சேர்த்தே பழக்கலாம். படு, பாடு, பட்டு, பாட்டு என்று நாலையும் கரும்பலகையில் எழுதி, நீங்கள் ஒன்றைச் சொல்ல அவர்கள் ஓடி வந்து தொட வேண்டும். படம், பட்டம், பாடம். கல், கால். அப்புறம் அவர்கள் சொல்ல நீங்கள் தொடுங்கள், வேண்டுமென்றே தப்பாகத் தொடுங்கள். பதினொரு வயதுப் பையன்கள் டீச்சரின் தப்பைக் கண்டுபிடிப்பதற்காக எவ்வளவு கூர்ந்து படிப்பார்கள் தெரியுமா?

இன்னொன்று, நாம் கவனிக்கவே மாட்டோம். ஒரே ‘க’ கல்லில் ஒரு சத்தம், பகலில் ஒரு சத்தம், பங்கில் ஒரு சத்தம். ‘ச’வும் அப்படித்தான்: சட்டை, பச்சை, பஞ்சு. பேசும்போது தானாக வந்துவிடுகிறது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை ப, க, ல் என்று மூன்றையும் அழுத்திச் சொல்லிவிட்டு, ‘பக்கல்’ போன்ற ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டு அதற்குப் பொருள் தெரியாமல் முழிக்கும். அந்த நேரத்தில், “ராத்திரிக்கு எதிர் என்ன?” என்று கேட்டால் போதும். “பகலா, மிஸ்?” என்று கண் விரியும். எழுத்துக் கூட்டியது பாதி வேலை. அது எனக்குத் தெரிந்த சொல்தான் என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை அந்த இரண்டாவது படியை ஏறினானா என்று பாருங்கள். ல, ள, ழ தகராறு, ந, ண, ன தகராறு, ர, ற தகராறு எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அவை எழுதும்போது வரும் சிக்கல். வாசிக்க வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதை வாசிக்க வைப்பது? முதல் ஆறு வாரம் அவர்கள் பேச்சையே வாசிக்க வையுங்கள். நான் செய்துவந்ததைச் சொல்கிறேன். காலையில் ஒரு பிள்ளையைக் கேட்பேன், நேற்று என்ன நடந்தது என்று. “எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு. அது எந்திரிக்கவே இல்ல. ஆயா தொடச்சு விட்டுச்சு. அப்புறம் எந்திரிச்சிச்சு.” சொன்னதைச் சொன்னபடியே ஒரு பெரிய தாளில் எழுதுவேன், ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அந்தப் பிள்ளையின் பெயரைக் கீழே போடுவேன். அப்புறம் எல்லோரும் வாசிப்போம். தன் வாயில் வந்தது தாளில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. எழுத்துக் கூட்டத் தடுமாறினாலும், அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தெம்பில் எழுத்தைப் பிடித்துவிடுவான். மனப்பாடமாகச் சொல்கிறானா என்று சந்தேகம் வந்தால் வரிகளைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். வரி வந்த பிறகு சொல் சொல்லாக வெட்டுங்கள்.

கொச்சையாக எழுதிப் போடலாமா என்று உங்கள் பள்ளித் தமிழாசிரியர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். நம் பேச்சும் எழுத்தும் தூரம் தூரமாக இருக்கின்றன; ‘படிக்கிறாங்க’ என்று பேசும் பிள்ளை ‘படிக்கிறார்கள்’ என்று வாசிக்க வேண்டும். எழுத்தும் புதிது, நடையும் புதிது என்றால் பிள்ளை எதைப் பிடிக்கும்? முதலில் எழுத்து வரட்டும். ஆறு வாரம் கழித்து அதே ஆட்டுக்குட்டிக் கதையைப் பக்கத்தில் எழுத்துத் தமிழில் எழுதுங்கள். போட்டுச்சு, போட்டது. எந்திரிச்சிச்சு, எழுந்தது. இரண்டையும் பார்த்து வித்தியாசத்தை அவர்களே சொல்வார்கள். அதன் பிறகு, பள்ளிக்கு வந்திருக்கும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைத் தேடி எடுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் இருக்கும் அந்தச் சின்னப் புத்தகங்கள் பல பள்ளிகளில் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கிழிந்தால் கிழியட்டும், வெளியே எடுத்துக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இந்த வருடம் வந்திருக்கும் திறன் பயிற்சி நூல்களையும் விட வேண்டாம். அவற்றை எட்ட முடியாத பிள்ளைக்கு முதல் படியாகத்தான் நான் மேலே சொன்னதெல்லாம்.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். தினமும் 40 நிமிடம் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்பது வேலைக்கு ஆகாது. பொங்கல் வரை ஏறக்குறைய 90 பள்ளி நாள் கிடைத்தால் 60 மணி நேரம். அறுபது மணி நேரத்தில் எழுத்துக் கூட்டும் பிள்ளை பத்தி வாசிக்கும். காலையில் வழிபாட்டுக்கு முன் இருபது நிமிடம், ஏதாவது ஒரு பாடவேளையில் இருபது நிமிடம் என்றும் பிரிக்கலாம். பள்ளி விட்ட பிறகு நிறுத்திவைக்க வேண்டாம். விளையாடப் போகும் கூட்டத்திலிருந்து பிரித்து உட்கார வைத்தால் அது தண்டனையாகத்தான் படும்.

பதினொரு பேரையும் ஒரே கூட்டமாக வைக்காதீர்கள். எழுத்து நிலையில் நாலு பேர், சொல் நிலையில் ஐந்து பேர், பத்தியைத் திக்கித் திக்கிப் படிப்பவர்கள் இரண்டு பேர் என்று ஏதோ ஒரு கணக்கில் பிரிந்துவிடும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதற்காகத்தான். வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் பலன் கிடைக்கிறது என்பதை 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ குழுவினர் பிரதம் வகுப்புகளை வைத்துப் பல வருடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே தாளை எடுத்துப் பாருங்கள். முன்னேறிய பிள்ளை அடுத்த குழுவுக்குப் போகட்டும். மற்ற 23 பேரும் அந்த நேரத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அடுத்த பாடத்தின் ஒரு பத்தியைப் படித்து ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதட்டும். அந்தக் கேள்விகளை வைத்தே மறுநாள் பாடம் நடத்துங்கள்.

உங்கள் சமூக அறிவியல் வகுப்பையும் இதற்குப் பயன்படுத்தலாம். வாசிக்க வராத பிள்ளைக்கும் சிந்துவெளி வேண்டும். வாசிக்கும் வரை காத்திரு என்று அவனை வெளியே நிறுத்தினால், வாசிக்க வந்த பிறகு அவனுக்கு ஒரு வருடப் பாடம் போயிருக்கும். பாடத்தை நீங்கள் வாய்விட்டு, கதையாகச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பின் வரிசைப் பிள்ளைகள் வாயால் பதில் சொன்னால் அதையும் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் போடுங்கள். பாடத்தின் சாரத்தை மட்டும் நாலே வரியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ‘மொகஞ்சதாரோவில் ஒரு பெரிய குளம் இருந்தது. சுட்ட செங்கல்லால் கட்டினார்கள். தண்ணீர் கசியாமல் இருக்கத் தார் பூசினார்கள். படி வைத்தார்கள்.’ மொகஞ்சதாரோவை நீங்கள் படித்துவிடுங்கள். மீதியை அவர்கள் படிப்பார்கள்.

இங்கேதான் உங்கள் சூளைப் பையன் வருகிறான். வகுப்பில் யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். மண்ணை எப்படிப் பிசைவது, அச்சில் எப்படிக் கல் அறுப்பது, பச்சைக் கல்லை எத்தனை நாள் காயவைப்பது, சூளையை எப்படி அடுக்குவது என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்வதைத் தாளில் எழுதுங்கள். சிந்துவெளிச் செங்கல்லின் கனம், அகலம், நீளம் 1:2:4 என்ற கணக்கில் இருந்தது என்று சொல்லி, ஒரு செங்கல்லையும் அளவுகோலையும் அவன் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கல் அந்தக் கணக்கில் இருக்கிறதா இல்லையா என்று வகுப்புக்கு அவன் அறிவிக்கட்டும். அன்றைக்கு அவனைப் பின் வரிசைக்கு அனுப்ப உங்களுக்கே மனம் வராது.

பொங்கலுக்குப் பிறகு அவன் போகாமல் இருக்க முடியுமா என்று முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். பாட்டி, பெரியம்மா யாராவது ஊரில் இருந்தால் அங்கே இருக்கலாம். உங்கள் பகுதியில் அரசு விடுதி இருந்தால் அதையும் கேளுங்கள். முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வேண்டும் என்பார்கள். அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். போவதுதான் முடிவு என்றால் எந்த ஊர்ச் சூளை, பக்கத்தில் எந்தப் பள்ளி என்று டிசம்பரிலேயே விசாரித்து, அந்தத் தலைமையாசிரியரிடம் நீங்களே ஃபோனில் பேசுங்கள். அவனுடைய எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவனுக்குள்ள எண்ணை, கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வர தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. அவன் பையில் நீங்கள் எழுதிக் கொடுத்த அவனுடைய கதைத் தாள்களும், நாலைந்து வாசிப்புப் புத்தகமும், எந்த நிலையில் இருக்கிறான் என்று அந்த ஊர் ஆசிரியருக்கு ஒரு சின்னக் குறிப்பும் இருக்கட்டும்.

தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். ஆசிரியர் பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியே, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. இரண்டும் உங்கள் கடமைதான். ஒன்றை மட்டும் கேட்பவரிடம் மற்றதையும் பணிவாகக் காட்டலாம். ஆனால் சட்டத்தோடு போவதற்கு முன், அந்த மதிப்பீட்டுத் தாளோடு போங்கள். பதினொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த நிலை, என்ன தப்பு. இதைப் பார்த்த பிறகு பாடம் முடிந்ததா என்று கேட்கும் தலைமையாசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும், “எனக்கு ஒரு பாடவேளை கொடுங்க, நானும் ஒரு குழுவைப் பார்த்துக்கிறேன்” என்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசுங்கள். ஆனால் அங்கே பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

இத்தனையும் செய்து மூன்று மாதம் கழித்தும் ஒரு பிள்ளை அசையவே இல்லை என்றால், அதுவும் நடக்கும். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியாது, வாயால் நன்றாகச் சொல்லும், தாளைக் கண்டால் நின்றுவிடும். அப்போது வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரை அழையுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. முறையாகச் சான்று பெற்றால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்வதை எழுத ஆள் கிடைக்கும். அதற்காக முதல் வாரத்திலேயே அந்தப் பெயரை யாருக்கும் சூட்டிவிட வேண்டாம்.

நாளைக்கே உட்காரும் இடத்தை மாற்றிவிடுங்கள். அதற்குத் தாளும் தேவையில்லை, அட்டையும் தேவையில்லை. வாரம் ஒரு வரிசை பின்னாலிருந்து முன்னால் வரட்டும். உங்கள் கண்ணுக்கு எல்லோரும் படுவார்கள். எழுந்து நின்று படி என்று யாரையும் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படி” என்று சொல்லுங்கள்.

காலாண்டு விடுமுறையில் எனக்கு எழுதுங்கள். அந்தப் பதினொரு பேரின் தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. யார் எந்தக் குறியில் நிற்கிறார்கள் என்று சேர்ந்து பார்ப்போம். உங்கள் சூளைப் பையன் செங்கல் பற்றிச் சொல்வதை எழுதுவீர்களே, அந்தத் தாளை மட்டும் முழுசாக அனுப்புங்கள். எனக்கும் வாசிக்க ஆசை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்